‘எலக்ட்ரானிக் பார்ட்ஸ்’ என்று எழுதாதீர்கள்: வெளிநாட்டுப் பார்சலும் சுங்கக் குறியீடும்

தபாலில் வரும் பார்சலின் மேல் ஒட்டியிருக்கும் சுங்கச் சீட்டில், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத ஒரு சின்னக் கட்டம்தான் உண்டு. பல விற்பனையாளர்கள் அதில் "எலக்ட்ரானிக் பார்ட்ஸ், 1" என்று அடித்து அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது நூறு ரெசிஸ்டரா, ரேடியோ டிரான்ஸ்மிட்டரா, லித்தியம் பேட்டரியா என்று சுங்க மேசையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? எக்ஸ்ரேயில் எல்லா போர்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். பார்சல் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

வரி எவ்வளவு என்ற கேள்வி வருவதற்கு முன்பே, இது என்ன என்ற கேள்வியிலேயே இப்படிப் பார்சல் நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விக்குப் பதிலை நீங்களே, பணம் கட்டுவதற்கு முன்பே, தயார் செய்துவைக்கலாம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆறு இலக்க எண் ஒன்று, பொருளைச் சொல்லும் ஒரு வரி, அவ்வளவுதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது வசதி: இந்த வரியை ஒழுங்காக எழுதினால் அந்த வரி சரியாக விழும்.

ஆறு இலக்கம் வரை உலகம் ஒன்று

எச்.எஸ். கோட் என்று நாம் சொல்லும், பொருள்களை வகைப்படுத்தும் இந்த எண் உலகச் சுங்க அமைப்பு பராமரிப்பது. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 8542.31 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம், 85, அத்தியாயம்: மின் இயந்திரங்களும் கருவிகளும். 8542 தலைப்பு: ஐசி எனப்படும் ஒருங்கிணைந்த சுற்றுகள். 8542.31 துணைத்தலைப்பு: பிராசஸர்களும் கண்ட்ரோலர்களும். இந்த ஆறு இலக்கம் வரை இம்முறையைப் பின்பற்றும் எல்லா நாட்டிலும் ஒரே பொருள்தான். ஏழாவது இலக்கத்திலிருந்து அந்தந்த நாடு தன் வசதிக்குப் பிரித்துக்கொள்கிறது. இந்தியாவில் எட்டு இலக்கம், அமெரிக்காவில் பத்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் இறக்குமதிக்குப் பத்து.

ஆகவே விற்பனையாளர் பக்கத்தில் காணும் பத்து இலக்க எண்ணை அப்படியே உங்கள் படிவத்தில் ஒட்டக்கூடாது. அவர் எழுதியிருப்பது அவர் நாட்டு எண். முதல் ஆறை எடுத்துக்கொண்டு, மீதியை உங்கள் நாட்டுச் சுங்க வரி அட்டவணையில் தேடிச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு பொறி, பழைய பதிப்பு. இந்தப் பட்டியல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படும். இப்போது ஓடுவது 2022 பதிப்பு, அடுத்தது 2028 ஜனவரியில் வருகிறது. 2022 திருத்தத்தில் எல்சிடி, ஓஎல்இடி திரை மாட்யூல்களுக்கென்று 8524 என்ற தனித் தலைப்பே பிறந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளில் அதே எல்சிடிக்கு 9013.80 என்று இருக்கும். எல்இடிக்குப் பழைய 8541.40 போய் 8541.41 வந்துவிட்டது. 3டி பிரிண்டருக்கு 8485, டிரோனுக்கு 8806 என்று புதுத் தலைப்புகள் வந்ததும் அப்போதுதான். இணையத்தில் எங்கோ கிடைத்த பட்டியலை நம்பும் முன் அது எந்த ஆண்டுப் பட்டியல் என்று பாருங்கள்.

உதிரிகள் எளிது, போர்டுகள்தான் தொல்லை

தனித்தனி உதிரிகளில் குழப்பமே கிடையாது. கார்பன் ரெசிஸ்டர் 8533.10, மற்ற நிலையான ரெசிஸ்டர்கள் 20 வாட் வரை 8533.21. அலுமினியம் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் 8532.22, பல அடுக்கு செராமிக் 8532.24, டாண்டலம் 8532.21. சாதாரண டயோடு 8541.10, ஒரு வாட்டுக்குக் குறைந்த டிரான்சிஸ்டர் 8541.21, அதற்கு மேல் 8541.29. குவார்ட்ஸ் கிரிஸ்டல் 8541.60. ஐசிகளில் மெமரி 8542.32, ஆம்ப்ளிஃபயர் 8542.33, எதிலும் சேராதவை 8542.39. 60 வோல்ட் வரையிலான ரிலே 8536.41, சுவிட்ச் 8536.50. சின்ன டிசி மோட்டார், ஸ்டெப்பர், 37.5 வாட்டுக்கு மிகாத எதுவும் 8501.10. டிசி-டிசி மாற்றி, அடாப்டர் எல்லாம் 8504.40. இணைப்பான் மாட்டிய ஒயர் 8544.42, மாட்டாதது 8544.49. மல்டிமீட்டர் 9030.31, ஆசிலோஸ்கோப் 9030.20.

வெறும் பிசிபி, அதாவது உதிரிகள் பொருத்தாத அச்சிட்ட சுற்றுப் பலகை, 8534.00. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அச்சிடும் முறையில் உருவான தடங்கள் மட்டும் இருக்கும் வரை அது 8534. மேலே இணைப்பான்கள் பொருத்தியிருந்தாலும் பரவாயில்லை, 8534-லேயே நிற்கும். 85-ஆம் அத்தியாயக் குறிப்பு அதை அனுமதிக்கிறது. ஆனால் ஒரே ஒரு ரெசிஸ்டரையோ ஐசியையோ சால்டர் செய்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. அப்புறம் அது பிசிபி அல்ல. என்ன வேலை செய்கிறதோ அந்தக் கருவி. பிசிபி தயாரிப்பவரிடமே உதிரிகளைப் பொருத்தி வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பழைய ஆர்டரின் "8534, வெறும் பிசிபி" என்ற விவரமே புது ஆர்டருக்கும் போய்விடும். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஐசி பளபளக்கும்.

ஒரு பொருளை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த முறை எப்படி யோசிக்கிறது என்பது பிடிபடும். டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் பலருக்கும் தெரிந்ததுதான். மூன்று கால்களோடு, டிரான்சிஸ்டர் போல, தனியாக வாங்கினால் அது ஒரு ஐசி. 8541, 8542 இரண்டும், அந்தப் பொருள் செய்யும் வேலையைக் குறிக்கும் மற்றத் தலைப்புகளை முந்தும் என்று அத்தியாயக் குறிப்பே சொல்கிறது, ஒரே விதிவிலக்கு 8523. ஆகவே வெப்பநிலையை அளந்தாலும் அது 8542.39. அதே சிப்பை எஃகுக் குழாயில் அடைத்து, ஒரு மீட்டர் கேபிள் போட்டு விற்றால், அது தெர்மாமீட்டர், 9025-க்குப் போகிறது. அதே சிப்பை ரெசிஸ்டரும் பின்னும் உள்ள சின்ன போர்டில் வைத்தாலும் 9025-தான். சிப் ஒன்று, எண் இரண்டு. வெளியே தெரியும் வடிவமும் விற்கப்படும் நிலையும்தான் தீர்மானிக்கின்றன.

இதே யோசனையில் மற்ற சென்சார் போர்டுகளையும் பார்க்கலாம். காற்றழுத்தம் அளப்பது 9026.20, ஈரப்பதம் அளப்பது 9025.80. வைஃபை, புளூடூத் மாட்யூல்கள் தரவை அனுப்பிப் பெறுபவை, ஆகவே 8517.62. வைஃபை உள்ள மைக்ரோகண்ட்ரோலர் போர்டான ஈஎஸ்பி32-ஐப் பெரும்பாலும் இந்த எண்ணில்தான் பார்ப்பீர்கள்.

ராஸ்பெர்ரி பை போன்ற ஒற்றை போர்டு கணினிகள் 8471.50-இல் சுமுகமாக உட்காரும். பயனர் விருப்பப்படி புரோகிராம் செய்யலாம், கணக்குப் போடும், புரோகிராமைச் சேமிக்கும், ஓடும்போதே தர்க்கப்படி வழி மாற்றும் என்று 84-ஆம் அத்தியாயக் குறிப்பு கணினிக்கு வைக்கும் நிபந்தனைகள் எல்லாம் பொருந்துகின்றன. ஆர்டுயினோ வகை மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகள்தான் வம்பு. விற்பவர்களிடம் 8471.50, 8473.30, 8543.70 என்று ஆளுக்கொன்று பார்க்கலாம். என் கட்சி 8471.50. 8473.30 கணினியின் உதிரிபாகத்துக்கானது. தனித்து ஓடும் போர்டை உதிரிபாகம் என்பது நியாயமாகப் படவில்லை. 8543.70 என்பது வேறெங்கும் சொல்லப்படாத, தனக்கென்று ஒரு வேலை உள்ள மின் கருவிக்கானது. அதைப் பலரும் குப்பைத்தொட்டி போலப் பயன்படுத்துகிறார்கள். வேறு எண் பொருந்தும்போது அங்கே போக வேண்டியதில்லை. எதை எழுதினாலும் 8542.31 மட்டும் எழுதாதீர்கள். அது சிப்பின் எண். இருபது உதிரிகள் உள்ள போர்டின் எண் அல்ல.

"இது இன்ன மெஷினின் ஸ்பேர்" என்று எழுதுவதும் பொதுவான தப்பு. 84, 85 அத்தியாயங்களில் தனக்கென்று தலைப்பு உள்ள பொருள், எந்த இயந்திரத்துக்குப் போனாலும் தன் தலைப்பிலேயே நிற்கும். 3டி பிரிண்டருக்காக வாங்கும் ஸ்டெப்பர் மோட்டார் மோட்டார்தான், பிரிண்டர் பாகம் அல்ல.

கிட்டுகளுக்கு இரண்டு விதி. பிரித்து வரும் ஒரே பொருள், உதாரணமாக எல்லா உதிரியும் சேர்ந்த ரேடியோ கிட், முழுமையான ரேடியோவாகவே கணக்கில் வரும். சில்லறை விற்பனைக்கென்று ஒரே பெட்டியில், ஒரே தேவைக்காகச் சேர்த்து வைத்த வெவ்வேறு பொருள்கள், அந்தத் தொகுப்புக்கு உயிர்நாடியான பொருளின் எண்ணைப் பெறும். ஸ்டார்ட்டர் கிட்டில் அது பெரும்பாலும் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. "கல்விக் கருவி" என்று 9023 போட்டுத் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தத் தலைப்பின் வாசகத்திலேயே "வேறு பயன்பாட்டுக்கு உகந்ததல்லாத" என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. பிரெட்போர்டும் ஜம்பர் ஒயரும் எல்லாவற்றுக்கும் உகந்தவை. பொம்மை என்று 9503 போட்டாலோ, சில நாடுகளில் பொம்மைப் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்பார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

சால்டர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. ஃபிளக்ஸ் உள்ள சால்டர் கம்பிக்கு 8311.30, சால்டர் பேஸ்டுக்கு 3810.10, தனி ஃபிளக்ஸுக்கு 3810.90. ஆனால் எடையில் 2 சதவீதமோ அதற்கு மேலோ வெள்ளி உள்ள உலோகக் கலவை, பட்டியலின் கண்ணில் வெள்ளிக் கலவை. அது 71-ஆம் அத்தியாயம், அதாவது நகைகளின் வீடு. ஈயமில்லா சால்டரில் பரவலாகப் புழங்கும் எஸ்ஏசி305-இல் வெள்ளி 3 சதவீதம். ஐம்பது கிராம் சுருளுக்கு யாரும் இந்த வம்புக்கு வருவது அரிது. கிலோக் கணக்கில் வாங்குகிறவர்கள் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்தால், அமெரிக்கச் சுங்கத்துறையின் தீர்ப்புத் தொகுப்பான கிராஸ் தளத்தில் பொருளின் பெயரைப் போட்டுத் தேடலாம், இலவசம். அதன் தீர்ப்பு வேறு நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஆறு இலக்கம் வரை விதிகள் ஒன்றே என்பதால், காரணம் சொல்லும் பகுதி எங்கும் உதவும்.

எண்ணால் பணம் எப்படி மாறுகிறது

உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் 1996-இல் உருவானது. அதில் சேர்ந்த நாடுகள் ஐசி, டயோடு, டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கெபாசிட்டர், வெறும் பிசிபி, கணினி ஆகியவற்றுக்குச் சுங்க வரியைச் சுழியமாக்க ஒப்புக்கொண்டன. பேட்டரியும் மோட்டாரும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கலவையான ஆர்டரை ஒரே வரிசையில் "எலக்ட்ரானிக்ஸ்" என்று எழுதி, கூரியர்க்காரர் அதற்குப் பேட்டரியின் எண்ணையோ 8543.70-ஐயோ போட்டுவிட்டால், சுழியம் கட்ட வேண்டிய ஐசிக்கும் சேர்த்து வரி கட்டுவீர்கள். ஒவ்வொரு வகைக்கும் தனி வரிசை, தனி எண், தனி விலை. இதற்காகவே இன்வாய்ஸைப் பிரித்து எழுதச் சொல்லி விற்பவரிடம் நச்சரிப்பது தகும்.

சுங்க வரி சுழியம் என்றால் ஒன்றும் கட்ட வேண்டாம் என்று பொருள் இல்லை. மதிப்புக்கூட்டு வரியோ சரக்கு சேவை வரியோ, அந்தந்த நாட்டின் உள்நாட்டு வரி, தனியாக வரும்.

எதன் மேல் கணக்கிடுகிறார்கள் என்பதும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா போன்றவை பொருள் விலையோடு கப்பல் அல்லது விமானக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகையில் சுங்க வரி போடும். அமெரிக்கா சர்வதேசக் கட்டணத்தைச் சேர்க்காமல் போடும். முதல் முறைக்கு ஒரு கணக்கு: பொருள் 80, அனுப்பும் செலவு 18, காப்பீடு 2, ஆக மதிப்பு 100. சுங்க வரி 10 சதவீதம் என்றால் 10. உள்நாட்டு வரி 20 சதவீதம் என்றால் அது 110-இன் மேல், 22. மொத்தம் 32, பொருளின் விலையோடு ஒப்பிட்டால் 40 சதவீதம். இதற்கு மேல் கூரியர் தன் கையாளும் கட்டணத்தைப் போடும். மலிவான பொருளில் அந்தக் கட்டணமே வரியைத் தாண்டிவிடும்.

அனுப்பும் செலவும் மதிப்பில் சேர்வதால், பெட்டியின் அளவு வரியையும் பாதிக்கிறது. கூரியர்கள் பொதுவாக நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதை ஒரு எடையாகக் கொள்வார்கள். நிஜ எடை, இந்த எடை, எது கூடுதலோ அதற்குக் கட்டணம். பிசிபியோடு, சால்டர் பேஸ்ட் பூச உதவும் ஸ்டென்சில் தகட்டைச் சட்டம் போட்டு வாங்கினால் பெட்டி 50 × 40 × 4 ஆகிவிடும். அது 1.6 கிலோ. உள்ளே இருக்கும் ஐந்து பிசிபி நூறு கிராம்கூட இராது. சட்டம் இல்லாமல், பிசிபியின் அளவுக்கு வெட்டிய ஸ்டென்சில் கேளுங்கள்.

சிறு தொகைக்கு வரிவிலக்கு என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டிய காலம் இது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1-இல் நீக்கியது. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுச் சரக்குக்கும் நிறுத்தப்பட்டது. இரண்டு ஆண்டுக்கு முந்தைய அறிவுரையை நம்பி ஆர்டர் போடாதீர்கள்.

இன்வாய்ஸில் எழுத வேண்டிய வரி

நல்ல விவரம் நான்கு விஷயம் சொல்லும்: என்ன பொருள், என்ன வேலை செய்யும், எந்தப் பாகம், எத்தனை. இப்படி:

தவறு: மாட்யூல், 5
சரி: வெப்பநிலை அளக்கும் சென்சார் போர்டு, 3.3 வோல்ட், புதியது, பாக எண் இன்னது, 5 எண்ணிக்கை, ஒன்றின் விலை இவ்வளவு, உற்பத்தி நாடு சீனா, 9025.19

தவறு: பிசிபி
சரி: வெறும் பிசிபி, இரண்டு அடுக்கு, எஃப்ஆர்4, உதிரிகள் பொருத்தப்படாதது, 10 எண்ணிக்கை, 8534.00

சுங்கத்துக்குப் போகும் இன்வாய்ஸை ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள் என்பது தெரிந்ததே, அமைப்பு இதுதான். சரக்கு விவரத்தை முன்கூட்டியே கேட்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐசிஎஸ்2 முறையில் "பாகங்கள்", "எலக்ட்ரானிக்ஸ்" போன்ற பொத்தாம்பொதுவான சொற்கள் ஏற்கப்படுவதில்லை. ஆறு இலக்க எண்ணும் சரக்கு கிளம்பும் முன்பே போயாக வேண்டும்.

உற்பத்தி நாடு என்ற கட்டம் அடிக்கடி தப்பாகிறது. அது பார்சல் கிளம்பிய நாடு அல்ல. அமெரிக்க விநியோகஸ்தரிடம் வாங்கிய ஐசி மலேசியாவிலோ பிலிப்பைன்ஸிலோ செய்யப்பட்டிருக்கலாம்; விநியோகஸ்தரின் பை லேபிளில் அது அச்சாகியிருக்கும். ஒரே ஆர்டரில் பத்துப் பொருளுக்குப் பத்து நாடு இருப்பது சாதாரணம். நாட்டைப் பொறுத்துக் கூடுதல் வரி விதிக்கும் இடங்களில் இந்தக் கட்டமே பில்லைத் தீர்மானிக்கும்.

விலை என்பது நீங்கள் நிஜமாகக் கொடுத்த விலை. கூப்பன் தள்ளுபடி போக எவ்வளவு கட்டினீர்களோ அது. தள்ளுபடியைத் தனி வரிசையில் காட்டியிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தளத்தில் உள்ள விலைக்கும் இன்வாய்ஸுக்கும் ஏன் வித்தியாசம் என்று கேட்பார்கள். இலவச மாதிரிக்கும் மதிப்பு எழுத வேண்டும். "வணிக மதிப்பு இல்லை" என்று எழுதிச் சுழியம் போட்டால், அதே மாதிரிப் பொருளின் சந்தை விலையை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

"மதிப்பைக் குறைத்து எழுதட்டுமா, பரிசு என்று போடட்டுமா" என்று சில விற்பனையாளர்கள் தாங்களாகவே கேட்பார்கள். வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். கடையிலிருந்து வரும் பிசிபி யாருக்கும் பரிசாகத் தெரியாது. பிடிபட்டால் அபராதம் கட்டுவது பெறுபவர். பார்சல் தொலைந்தால் இழப்பீடு கிடைப்பதும் எழுதிய மதிப்புக்குத்தான்.

பெறுநர் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கட்டாயம். பல நாடுகளில் தனிநபருக்கும் ஒரு எண் கேட்பார்கள்: பிரேசிலில் சிபிஎஃப், தென் கொரியாவில் தனிநபர் சுங்க எண். விற்பவரின் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையென்றால் முகவரியின் இரண்டாம் வரியில் போட்டுவிடுங்கள்.

தபாலா, கூரியரா

தபாலில் 300 எஸ்டிஆர் வரையிலான பொருளுக்கு சிஎன்22 சீட்டு, அதற்கு மேல் சிஎன்23 படிவம். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. சிறு பொட்டலத்துக்கு 2 கிலோ வரம்பு. டிராக்கிங் எண் 13 எழுத்து: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், பின்னால் அனுப்பும் நாட்டின் இரண்டெழுத்து. ஆர் என்று தொடங்கினால் பதிவுத்தபால், ஈ என்றால் ஈஎம்எஸ், சி என்றால் பார்சல். தபாலில் கையாளும் செலவு குறைவு, ஆனால் கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். கூரியரில் முகவர் ஒருவர் உங்கள் சார்பில் தாக்கல் செய்வார், வரியை முன்கூட்டிக் கட்டிவிட்டு உங்களிடம் கட்டணத்தோடு வசூலிப்பார். அவசரத்தில் அவர் எல்லா வரிசையையும் விலை கூடிய பொருளின் எண்ணில் அடக்கிவிடுவதும் நடக்கும். பார்சல் விமானத்தில் இருக்கும்போதே, உங்கள் எண் பட்டியலை டிராக்கிங் எண்ணோடு அவருடைய சுங்கப் பிரிவுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

செக்அவுட்டில் டிடிபி என்று இருந்தால் வரி விற்பவர் பொறுப்பு. டிஏபி என்றால் உங்கள் பொறுப்பு. டிடியூ என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். இன்கோடெர்ம்ஸ் எனப்படும் சர்வதேச வணிகச் சொற்களின் பட்டியலிலிருந்து அது 2010 பதிப்பிலேயே போய்விட்டது, பொருள் டிஏபிதான். டிடிபியில் வரியை முன்பே கட்டியிருந்தால் அதற்கான ரசீதை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், வாசலில் இரண்டாம் முறை கேட்பதுண்டு.

பேட்டரியும் ரேடியோவும்

சுங்கத்துக்கு முன்பே விமானம் தடுக்கும் பொருள் லித்தியம். ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. எண்ணில், தனியாக வரும் லித்தியம்-அயான் யூஎன்3480. கருவியோடோ கருவிக்குள்ளோ வந்தால் யூஎன்3481. சார்ஜ் ஏறாத லித்தியம் செல், அதாவது சிஆர்2032 குடும்பம், தனியாக யூஎன்3090, கருவியோடு யூஎன்3091. 2016 ஏப்ரல் 1 முதல் யூஎன்3480 பயணிகள் விமானத்தில் சரக்காகப் போக முடியாது. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. ஒரு செல்லுக்கு 20 வாட்-மணி, பேக்குக்கு 100 வாட்-மணி என்பது எளிய விதிகளுக்கான எல்லை. 3.6 வோல்ட், 3 ஆம்பியர்-மணி 18650 செல் 10.8 வாட்-மணி, மூன்று செல் 2200 மில்லிஆம்பியர்-மணி லிபோ பேக் 24.4. இரண்டும் எல்லைக்குள்தான். ஆனால் தபாலில் கருவிக்குள் பொருத்தப்பட்ட நான்கு செல் அல்லது இரண்டு பேட்டரிதான் உச்சம், அதையும் எல்லா நாட்டுத் தபாலும் ஏற்பதில்லை. டிஎஸ்3231 கடிகார மாட்யூல்கள் "பேட்டரி இல்லாமல்" என்று விற்கப்படுவதன் பின்னணி இதுதான். எனக்குத் தோன்றுவது: பேட்டரியை வெளிநாட்டிலிருந்து வாங்கவே வேண்டாம். வாங்கியே ஆக வேண்டுமென்றால் தனி ஆர்டர் போடுங்கள். ஒரு லிபோ பேக்குக்காக முப்பது ஐசி சேர்ந்து நிற்க வேண்டாம். லித்தியம் பேட்டரிப் பாதுகாப்புச் சோதனையான யூஎன்38.3-இன் சுருக்கத் தாளை விற்பவரிடம் முன்பே வாங்கிவிடுங்கள்.

ரேடியோ மாட்யூலில் சிக்கல் வரியல்ல, அனுமதி. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை உலகெங்கும் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மண்டலப் பிரிப்பில், 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் அமெரிக்கக் கண்டங்கள் அடங்கிய இரண்டாம் மண்டலத்துக்கும், 433 பட்டை ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் அடங்கிய முதல் மண்டலத்துக்கும் ஒதுக்கப்பட்டவை. சிறு தரவை வெகுதூரம் அனுப்பும் லோரா ரேடியோ மாட்யூலை 433, 868, 915 என்று மூன்று வகையாக விற்பார்கள். படம் ஒன்றுதான், எண்தான் வேறு. உங்கள் நாட்டில் எது செல்லும் என்று பார்த்து வாங்குங்கள். அலைவரிசை, திறன், எஃப்சிசி ஐடி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் எண்) போன்ற சான்று எண் மூன்றையும் இன்வாய்ஸிலேயே எழுதச் சொன்னால் பாதிக் கேள்வி அங்கேயே முடியும். ஜாமர் பக்கம் போகவே வேண்டாம்.

சில சமயம் விற்பவரே கேள்வி கேட்பார்: எதற்கு வாங்குகிறீர்கள், யார் பயன்படுத்தப் போகிறார்கள்? பெரிய எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்), வேகமான ஏடிசி (அனலாக் சிக்னலை டிஜிட்டலாக்கும் சிப்), தெர்மல் கேமரா போன்றவை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வரக்கூடியவை. தெர்மல் கேமராக்கள் 9 ஹெர்ட்ஸுக்குள் ஓடும்படி செய்யப்படுவதே அந்தக் கட்டுப்பாட்டைத் தணிக்கத்தான். "சொந்தப் பயன்பாடு" என்ற ஒற்றைச் சொல் போதாது. "வீட்டில் சர்க்யூட் போர்டுகளில் சூடாகும் பாகத்தைக் கண்டுபிடிக்க, ஒரு எண்ணிக்கை, மறுவிற்பனைக்கு அல்ல" என்று எழுதினால் நகரும்.

நின்றுவிட்டால்

டிராக்கிங்கில் "கூடுதல் தகவல் தேவை" என்று வந்ததும் ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள்: இன்வாய்ஸ், பணம் கட்டிய சான்று, பொருள் பக்கத்தின் சுட்டி, டேட்டாஷீட்டின் முதல் பக்கம், எண்ணோடு கூடிய வரிசைப் பட்டியல், அடையாளச் சான்று. ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போவீர்கள். டேட்டாஷீட் நாற்பது பக்கத்தையும் அனுப்ப வேண்டாம். "இது என்ன" என்று சொல்லும் முதல் பக்கம் போதும். பொருள் நிறுத்தி வைக்கப்படும் காலக்கெடுவையும் அப்போதே கேளுங்கள், கிடங்கு வாடகை ஓடத் தொடங்கும் நாளையும்.

தவறான எண்ணில் வரி போட்டிருந்தால், பெரும்பாலும் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பதே வேகம். அதற்குக் கெடு உண்டு, அது நாட்டுக்கு நாடு வேறு. கூரியரிடம் தாக்கல் செய்த படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த வரிசைக்கு எந்த எண் போட்டார்கள் என்பது அதில்தான் இருக்கும். ரசீதில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கும்.

பழுதான பொருளைத் திருப்பி அனுப்பும்போது, கிளம்பும் முன் சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்து, "பழுது நீக்க, தற்காலிக ஏற்றுமதி" என்று இன்வாய்ஸில் எழுதி, பழைய இறக்குமதிப் படிவ எண்ணையும் குறிப்பிடுங்கள். திரும்பி வரும்போது அதே சீரியல் எண்ணைக் காட்ட முடிந்தால் முழு மதிப்புக்கு மீண்டும் வரி கட்டாமல் தப்பலாம். விற்பவர் பழுது நீக்காமல் புதுப்பொருளை மாற்றி அனுப்பினால் சீரியல் எண் மாறிவிடும். அப்போது மாற்றித் தந்ததாக அவரிடமிருந்து ஒரு கடிதம், பழைய எண்ணும் புது எண்ணும் அடுத்தடுத்து இருக்கும்படி, பார்சலுக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள்.